‘100%’ காட்டுது, ஆனா மதியமே சார்ஜ் காலி! செல்போன் பேட்டரியின் உண்மையான அளவை செக் செய்வது எப்படி?

காலையில் 100% சார்ஜுடன் ஆவடியில் ரயில் ஏறுகிறவர், மதிய சாப்பாட்டுக்குள் சார்ஜர் தேட வேண்டியிருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவருக்கும், பூந்தமல்லி ரோட்டில் மேப் போட்டுக்கொண்டு டெலிவரி ஓட்டுபவருக்கும் இது வெறும் எரிச்சல் அல்ல. போன் அணைந்தால் அன்றைய ஆர்டர் போச்சு, யுபிஐ போச்சு.

கடைக்குப் போனால் ஒருவர், “பேட்டரி போச்சு, மாத்திடுங்க” என்கிறார். இன்னொருவர், “போனே பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க” என்கிறார். யார் சொல்வது சரி? காசு கொடுப்பதற்கு முன்பு நாமே அளந்து பார்க்க முடியுமா? முடியும். அதற்கான வழிகள் இதோ.

100% என்றால் எதில் 100%?

திரையில் தெரியும் 100% என்பது போன் வாங்கியபோது இருந்த கொள்ளளவில் 100% அல்ல. இன்றைக்கு அந்த பேட்டரியில் எவ்வளவு கொள்ளுமோ, அதில் 100%.

பூந்தமல்லி பக்கத்து ஆட்களுக்கு செம்பரம்பாக்கம் ஏரியை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். ஏரியின் முழு உயரம் 24 அடி, முழு கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அடியில் வண்டல் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் மழைக்காலத்தில் அளவுகோல் ‘24 அடி, ஏரி நிரம்பியது’ என்றுதான் காட்டும். ஆனால் உள்ளே நிற்கும் தண்ணீர் குறைவு. பேட்டரி விஷயத்திலும் இதேதான் நடக்கிறது.

செல்போனில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் உள்ளே இருக்கும் லித்தியத்தில் ஒரு சிறு பகுதி வேதிவினையில் சிக்கி, மீண்டும் பயன்படாமல் போய்விடுகிறது. கொள்ளளவு இப்படித்தான் குறைகிறது. கூடவே பேட்டரியின் உள்தடையும் அதிகரிக்கிறது. கேமரா, வீடியோ கால் என்று போன் திடீரென அதிக மின்சாரம் கேட்கும்போது பேட்டரியால் கொடுக்க முடிவதில்லை. 20% இருக்கும்போதே போன் பட்டென்று அணைவதற்கு இதுதான் காரணம்.

சைக்கிள் கணக்கு என்ன?

பேட்டரியின் வயதை வருஷத்தில் மட்டும் சொன்னால் போதாது, சைக்கிளிலும் பார்க்க வேண்டும். மொத்தமாக 100% சார்ஜ் செலவானால் ஒரு சைக்கிள். இன்று 60%, நாளை 40% செலவழித்தாலும் இரண்டும் சேர்ந்து ஒரு சைக்கிள்தான். எத்தனை முறை சார்ஜரில் சொருகினோம் என்பது கணக்கில் வராது.

ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 சைக்கிளுக்குப் பிறகும், ஐபோன் 15 முதல் வந்த மாடல்கள் 1,000 சைக்கிளுக்குப் பிறகும் 80% கொள்ளளவைத் தக்கவைக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டவை என்கிறது ஆப்பிள். தினமும் ஒரு சைக்கிள் ஓட்டும் டெலிவரி ஊழியருக்கு 500 சைக்கிள் என்பது ஒன்றரை வருஷத்துக்குள் முடிந்துவிடும். வீட்டிலேயே இருக்கும் அவருடைய அம்மாவின் போனுக்கு அதே 500 சைக்கிள் மூன்று வருஷம்கூட வரலாம். பழைய போன் வாங்கும்போது “ரெண்டு வருஷம்தான் சார் யூஸ் பண்ணது” என்ற பேச்சை மட்டும் நம்பக் கூடாது என்பது இதனால்தான்.

ஐபோனில் பார்ப்பது எப்படி?

செட்டிங்ஸ், பேட்டரி, பேட்டரி ஹெல்த் என்று போனால் ‘மேக்சிமம் கெப்பாசிட்டி’ எத்தனை சதவீதம் என்று தெரியும். ஐபோன் 15 முதல் வந்த மாடல்களில் சைக்கிள் எண்ணிக்கையும் இருக்கும்.

இந்த வசதி சும்மா வந்துவிடவில்லை. பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்கள் திடீரென அணையாமல் இருக்க, அவற்றின் வேகத்தை சாஃப்ட்வேர் மூலம் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பேட்டரியை மட்டும் மாற்றியிருந்தால் பழைய வேகம் திரும்பியிருக்கும் என்பது தெரியாமல், பலர் போனையே மாற்றியிருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனம் மன்னிப்பு கேட்டது. அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தது. 2018 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3-ல்தான் பேட்டரி ஹெல்த் பக்கம் சேர்க்கப்பட்டது.

ஆண்ட்ராய்டில் பார்ப்பது எப்படி?

இங்கே கம்பெனிக்கு கம்பெனி வழி மாறும்.

* கூகுள் பிக்சல் 8ஏ-வும் அதற்குப் பிறகு வந்த மாடல்களும்: செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குள் பேட்டரி ஹெல்த்.
* சாம்சங்: ‘சாம்சங் மெம்பர்ஸ்’ ஆப்பில் போன் டயக்னாஸ்டிக்ஸ், அதில் பேட்டரி ஸ்டேட்டஸ். பல மாடல்களில் சதவீதம் வராது, நன்றாக இருக்கிறதா, பலவீனமா என்று மட்டும் சொல்லும்.
* ஒன்பிளஸ், ஓப்போ, ரியல்மி: பல புதிய மாடல்களில் செட்டிங்ஸின் பேட்டரி பகுதியிலேயே கொள்ளளவு சதவீதம் இருக்கும்.

*#*#4636#*#* என்று டயல் செய்தால் தெரிந்துவிடும் என்ற தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சில போன்களில் மட்டும்தான் அந்த மெனுவில் பேட்டரி விவரம் வரும். வந்தாலும் அதில் இருக்கும் ‘ஹெல்த்: குட்’ என்ற வார்த்தையை நம்பி ஏமாற வேண்டாம். பேட்டரி அதிகம் சூடாகவில்லை, செத்துப்போகவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். பாதி தேய்ந்த பேட்டரிக்கும் ‘குட்’ என்றே வரலாம்.

நாமே கணக்குப் போடலாம்

போனில் சதவீதம் வரவில்லையா? அக்யூபேட்டரி போன்ற ஆப்கள் உதவும். பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் போகிறது என்று போனிலேயே இருக்கும் சென்சார் அளக்கிறது. அதை ஆப் கூட்டிக்கொண்டே வரும். கணக்கு ரொம்ப ஈசி.

20%-ல் சார்ஜ் போட்டு 80%-ல் எடுக்கிறீர்கள். ஏறியது 60%. அதற்குள் 2,400 எம்ஏஎச், அதாவது மில்லி ஆம்பியர் மணி, உள்ளே போயிருக்கிறது என்று ஆப் சொல்கிறது. 2,400-ஐ 60-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 4,000 எம்ஏஎச். பெட்டியில் போட்டிருந்தது 5,000 எம்ஏஎச் என்றால், மிச்சமிருப்பது 80%.

இதில் மூன்று விஷயம் முக்கியம்.

1. ஒரே நாளில் முடிவு கட்டக் கூடாது. ஒரு வாரமாவது அளந்து சராசரி பார்க்க வேண்டும். 45%-லிருந்து 55% வரை மட்டும் ஏற்றினால் பிழை அதிகமாக வரும்.
2. புது போனிலேயே 5,000-க்குப் பதில் 4,850 மாதிரி வந்தால் பயப்பட வேண்டாம். விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் சராசரி அளவு. கட்டாயம் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு அதைவிடக் கொஞ்சம் கம்மியாகவே இருக்கும்.
3. ஃபாஸ்ட் சார்ஜிங் போன்கள் சிலவற்றில் இரண்டு செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஆப் பாதி அளவையே காட்டலாம். புது போனில் 2,500 என்று வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம், தேய்மானம் அல்ல.

யுஎஸ்பி மீட்டர் ஏன் வேற நம்பர் காட்டுது?

சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில் சொருகும் யுஎஸ்பி மீட்டரை வைத்தும் அளக்கலாம். ஆனால் அது காட்டும் எம்ஏஎச் எண்ணை பேட்டரியின் எம்ஏஎச்சோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. சாதாரண சார்ஜர் கொடுப்பது 5 வோல்ட். போன் பேட்டரியின் சராசரி வோல்டேஜ் சுமார் 3.85. வோல்டேஜ் வேறாக இருக்கும்போது எம்ஏஎச்சை வைத்து ஒப்பிட முடியாது.

வாட் மணியில் பார்ப்பதுதான் சரி. 5,000 எம்ஏஎச் பேட்டரியை 3.85 வோல்ட்டால் பெருக்கினால் 19.25 வாட் மணி. போனை சார்ஜ் தீர்ந்து அணையும் வரை விட்டு, ஆஃப் செய்த நிலையிலேயே 100% வரை ஏற்றுகிறீர்கள். மீட்டர் 15 வாட் மணிதான் காட்டுகிறது என்றால் என்ன அர்த்தம்? சூடாகி வீணானதும் அந்த 15-க்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆக, பேட்டரியில் 15-க்கு மேல் இருக்க வாய்ப்பே இல்லை. 15-ஐ 19.25-ஆல் வகுத்தால் 78%. உண்மையான கொள்ளளவு அதற்கும் கீழேதான்.

பேட்டரி நம்பரை பார்த்த 2007

பேட்டரியை மக்களே செக் செய்வது நமக்குப் புதிது அல்ல. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. மறு வருஷமே, 2007 ஆகஸ்ட் 14-ம் தேதி, பிஎல்-5சி பேட்டரிகள் பற்றி நோக்கியா உலகம் முழுவதும் எச்சரிக்கை விட்டது. ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை தயாரித்த 4.6 கோடி பேட்டரிகள், சார்ஜ் ஏறும்போது அதிகமாகச் சூடாகலாம் என்பதுதான் பிரச்னை.

அப்போது செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான். பின் மூடியைக் கழற்றி, பேட்டரியின் பின்னால் இருக்கும் 26 எழுத்து எண்ணைச் சரிபார்க்க வேண்டும். பட்டியலில் இருந்தால் மாற்று பேட்டரி இலவசம்.

அந்த நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டது. இன்று அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன்களை அசெம்பிள் செய்கிறது. ஆனால் இன்றைய போன்களில் பேட்டரி பசை போட்டு உள்ளே ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் நிலையைச் சொல்லும் எண் சாஃப்ட்வேருக்குள் இருக்கிறது. அதைக் காட்டுவதா வேண்டாமா என்பதை கம்பெனிதான் முடிவு செய்கிறது.

சாஃப்ட்வேர் பேட்டரியின் அளவையே மாற்றவும் முடியும். 2025 ஜனவரியில் பிக்சல் 4ஏ போன்களுக்கு கூகுள் அனுப்பிய அப்டேட், சில போன்களில் பேட்டரி ஏற்கும் சார்ஜைக் குறைத்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவச பேட்டரி மாற்றம் உள்ளிட்ட சலுகைகளை நிறுவனம் அறிவித்தது.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு விதியே கொண்டுவந்துவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே சந்தைக்கு வரும் ஸ்மார்ட்போன்களின் பேட்டரி 800 சைக்கிளுக்குப் பிறகும் 80% கொள்ளளவு வைத்திருக்க வேண்டும்.

சென்னை வெயிலும் ஒரு எதிரி

பேட்டரியை வேகமாகத் தேய்ப்பதில் வெப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும் சூழலில் பயன்படுத்தினால் பேட்டரி நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம் என்று ஆப்பிள் எச்சரிக்கிறது. சென்னையில் மே மாதம் 40 டிகிரியைத் தொடுவது சாதாரணம். பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டி, வெயிலில் மேப்பை ஓடவிட்டு, அதே நேரத்தில் பவர் பேங்கில் சார்ஜும் போட்டால் மூன்று சூடும் ஒன்றாகச் சேரும்.

முடிந்தவரை நிழலில் நிற்கும்போது சார்ஜ் போடுவது, சார்ஜ் ஏறும்போது கேம் ஆடாமல் இருப்பது, போனில் 80% லிமிட் வசதி இருந்தால் ஆன் செய்து வைப்பது ஆகியவை பேட்டரியின் ஆயுளைக் கூட்டும்.

எப்போது மாற்றணும்? எதைப் பார்க்கணும்?

80%-க்குக் கீழே போய்விட்டது, அன்றாட வேலைக்கும் சார்ஜ் போதவில்லை, அல்லது சார்ஜ் இருக்கும்போதே போன் அணைகிறது என்றால் பேட்டரியை மாற்றலாம். போன் மற்றபடி நன்றாக ஓடினால் புது போன் தேவையில்லை. அதேபோல், அளந்து பார்த்ததில் 90% இருக்கிறது, ஆனாலும் சார்ஜ் நிற்கவில்லை என்றால் பேட்டரி மேல் தப்பில்லை. பின்னணியில் ஓடும் ஆப், பலவீனமான சிக்னல் போன்றவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

* மாற்றும் பேட்டரியில் பிஐஎஸ் முத்திரையும், ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இந்தியாவில் செல்போன் பேட்டரிக்கு இந்தப் பதிவு கட்டாயம்.
* மாற்றிய ஒரு வாரத்துக்குள் மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 5,000 என்று ஸ்டிக்கர் ஒட்டி, உள்ளே 3,500 இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பில் இல்லாமல் மாற்ற வேண்டாம்.
* பழைய ஐபோன் வாங்குபவர்கள் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பேட்டரி மாற்றப்பட்டிருந்தால் பல மாடல்களில் அது ஒரிஜினலா என்பது அங்கே தெரியும்.
* திரையோ பின்பக்கமோ உப்பித் தூக்கியிருந்தால் எந்தக் கணக்கும் வேண்டாம். அழுத்தாமல், குத்தாமல், சார்ஜ் போடாமல் உடனே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போக வேண்டும்.
* கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது. 2022-ம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள்படி, அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது.

வாரண்டி காலத்திலேயே பேட்டரி வேகமாகத் தேய்ந்து, நிறுவனம் கண்டுகொள்ளவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கும் போடலாம். “சார்ஜ் நிக்க மாட்டேங்குது” என்று சொல்வதைவிட, ஒரு வாரம் அளந்த எண்களின் ஸ்கிரீன்ஷாட்டைத் தேதியோடு காட்டினால் புகாருக்கு பலம் அதிகம்.