பனையேறி மீனும் பருவமும்

அவிநாசி என்றதும், குளத்து முதலை தான் விழுங்கிய சிறுவனை மீளக் கொணர்ந்து தந்ததாகச் சொல்லும் சுந்தரர் வரலாறு நினைவுக்கு வரும். அவ்வூரைச் சூழ்ந்த குளங்கள் பல, மழை பொய்த்த ஆண்டுகளில் வறண்டு கிடந்தன. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் தொடங்கப்பெற்றது. பவானியின் உபரிநீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுசேர்ப்பதே அதன் நோக்கம். நீர் வந்த இடத்தில் மீன் பெருகும்; மீன் பெருகிய இடத்தைத் தூண்டிலும் தேடிவரும். ஆகவே, பருவமறிந்து மீன் பிடிப்பது எவ்வாறு என்பதை, நம் நாட்டு நன்னீர் மீன் ஒன்றைக் கொண்டு ஆராய்வோம்.

அதுவே பனையேறிக் கெண்டை. 1791இல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்னும் டேனியப் படையதிகாரி, இம்மீன் ஒரு பனைமரத்தில் நீர்மட்டத்திற்கு மேல் ஐந்தடி உயரத்தில் ஏறிக்கொண்டிருக்கக் கண்டதாக எழுதினார். மரமேறுவது ஐயத்திற்குரியது, ஆனால் ஈரத்தரையில் செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஊர்ந்து செல்வது உண்மை. செவுளோடு, காற்றையே நேராகச் சுவாசிக்கும் தனி உறுப்பும் இதன் தலைக்குள் அமைந்திருக்கிறது. இந்த உண்மையை அறிந்தவனுக்கே மீன் அகப்படும்.

கோடையில் குளம் வற்றிக் கலங்கும். அப்போது மீன் காற்றை விழுங்க அடிக்கடி மேலே வரும். நீர்ப்பரப்பில் எழும் சிறுசுழிப்பே அதன் இருப்பிடத்தைக் காட்டும். காலையிலும் மாலையிலும் சிறிய தூண்டிலில் மண்புழு கோத்து அங்கே இடுவர். முழங்கால் ஆழமே நீர் உள்ளபோது, இருபுறமும் திறந்த ஊத்தா என்னும் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, மேல்வாய் வழியே கைவிட்டு எடுப்பர். மார்கழிக் குளிரிலோ மீனுக்கு இரைவேட்கை குறைவு. வெயில் ஏறிய பின்னரே தூண்டிலைத் தொடும்.

மழைக்காலம் இவற்றினும் வேறானது. புதுநீர் பாய்ந்ததும் மீன்கள் அதனை எதிர்த்து வாய்க்கால்களிலும் வயல்களிலும் ஏறும். வாய்க்காலின் குறுக்கே பறி வைத்தால் ஓரிரவிலேயே நிறைந்துவிடும். பிடிப்பதற்கு இதனினும் எளிய காலம் இல்லை. பிடிக்கத் தகாத காலமும் இதுவே. ஏனெனில் அவை முட்டையிடச் செல்லும் மீன்கள். விராலைப் போலக் குஞ்சுகளைக் காக்கும் வழக்கம் பனையேறிக்கு இல்லை; முட்டைகளை நீரில் மிதக்கவிட்டுச் சென்றுவிடும். பல முட்டைகள் அழியும். எஞ்சுபவையே அடுத்த கோடையின் மீன்கள். தாய்மீனைப் பறியில் இழந்த குளத்தில், கோடையில் ஊத்தா வெறுமையாகவே மேலெழும்.

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு மீனைப் பிடித்ததும் அதனை வாயில் கவ்விக்கொண்டு, அடுத்ததற்குக் கைநீட்டுவோர் உளர். துள்ளிய மீன் தொண்டைக்குள் புகுந்தால், செவுள் மூடியின் முட்கள் விரிந்து மாட்டிக்கொள்ளும். வெளியே இழுக்க வராது. மூச்சடைத்து உயிர்போன நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. மீனை வைக்கும் இடம் கூடையே, வாயன்று.

புதுமழையில் ஏறும் மீனுக்கு வழிவிடுங்கள். கோடையில் தேவைக்கு எடுங்கள். விழுங்கியதை மீளத் தந்தது அவிநாசி முதலை. முட்டையோடு பிடித்த மீனைக் குளத்திற்கு மீளத் தர நம்மால் இயலாது.