நித்தம் பரீட்சை

ஊருக்கு அடி அண்ணாமலை என்று பெயர் இருப்பதனாலோ என்னவோ, எங்கள் பிள்ளைகளில் சிலருக்கு அடிதடி வித்தைகளில் அலாதி மோகம். அந்த அடி வேறு, இந்த அடி வேறு என்று சொன்னால் கேட்பார்களா? விடியற்காலையில் கிரிவலப் பாதையில் ஓடிப் பழகும் இவ்வாலிபர்கள், வாத்தியார் என்ற உரிமையில் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கராத்தேயில் நிஜச் சண்டையை வாரத்தில் எத்தனை நாள் பழக வேண்டும், ஸார்?"

அவர்கள் நிஜச் சண்டை என்பது, மாஸ் ஒயாமா என்பவர் டோக்கியோவைத் தலைமையிடமாகக் கொண்டு 1964-ஆம் ஆண்டில் ஸ்தாபித்த கியோகுஷின் சங்கத்தின் முறை. கையுறை கிடையாது. மார்பிலும் வயிற்றிலும் முழு பலத்துடன் குத்தலாம், தொடையில் உதைக்கலாம். முகத்தில் கையால் குத்துவது மட்டும் குற்றம். ஆனால் காலால் தலையை உதைக்கலாமாம்! கைக்கு மறுத்த சலுகையைக் காலுக்குக் கொடுத்த நியாயம் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இம்முறையில் நூறு பேருடன் ஒருவர்பின் ஒருவராக ஒரே தொடர்ச்சியாய்ப் போரிடும் கடும் சோதனை ஒன்று உண்டு. 1986-இல் அக்கியோஷி மட்சுயி அதை முடித்தார். முடித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நம் பையன்கள் இக்கதையைக் கேட்டுவிட்டுத் தினமும் அடி வாங்கினால் உடம்பு உரமேறும் என்று நினைக்கிறார்கள். அது பரீட்சை ஐயா, பாடமல்ல! நித்தம் பரீட்சை வைக்கும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடப்பது எப்போது?

உரமேறுவது ஓரளவு மெய்தான். முழந்தாளுக்குக் கீழுள்ள எலும்பு நாளடைவில் உறுதிப்படும். தொடையில் கன்றிய இடம் சில தினங்களில் ஆறிவிடும். மூளைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மண்டைக்குள் நீரில் மிதக்கும் அந்த மிருதுவான வஸ்து, ஒவ்வொரு அதிர்ச்சியிலும் குலுங்குகிறது. பழகப் பழகக் கெட்டிப்படுவதில்லை. குத்துச்சண்டைக்காரர்களுக்குப் பிற்காலத்தில் நேரும் தள்ளாட்டத்தையும் புத்தி மந்தத்தையும் பற்றி ஹாரிஸன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க வைத்தியர் 1928-லேயே எழுதிவிட்டார். 1980-இல் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜனங்களை மகிழ்வித்த முகம்மது அலிக்கு, நாலே வருஷத்தில் நடுக்குவாதம் என்று வைத்தியர்கள் கண்டார்கள். குத்துக்கள்தாம் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை. ஆயினும் பயிற்சியின்போதே தம் கூட்டாளிகள் தம்மைத் தாராளமாகக் குத்த இடங்கொடுத்தவர் அவர் என்பதை மறப்பதற்கும் இல்லை.

சரி, பயிற்சியில் மோதலைக் குறைத்தால் பந்தயத்தில் தோற்றுவிடமாட்டோமா? இதற்கு விடை வேறொரு விளையாட்டிலிருந்து கிடைக்கிறது. பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிறவனை மோதிச் சாய்க்கும் அமெரிக்கக் கால்பந்தில், டார்ட்மவுத் கலாசாலையின் பயிற்சியாளர் 2010-இல் ஒரு புதுமை செய்தார். பயிற்சியில் ஒருவரையொருவர் மோதிச் சாய்ப்பதே கூடாது. பொம்மைகளின்மேல் மோதிப் பழகுங்கள் என்றார். பரிகசித்தவர்கள் இருந்திருப்பார்கள். 2015-இல் அக்குழு தன் வட்டாரத்தின் முதல் ஸ்தானத்தை வேறு இரு குழுக்களுடன் பகிர்ந்துகொண்டது! மறுவருஷமே அவ்வட்டாரத்தின் எட்டுக் குழுக்களின் பயிற்சியாளர்களும், பந்தய காலப் பயிற்சியில் அத்தகைய மோதல் வேண்டாமென்று தீர்மானித்தார்கள்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. முதல் ஆறு மாதம் காலடியும் தடுப்பும் மட்டுமே. பிறகு வாரத்தில் இரண்டு நாள், தொட்டு மீளும் மென்மையான சண்டை. கண்ணும் நிதானமும் தேறுவது அதில்தான். முழு பலச் சண்டை, பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு மட்டும், இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு தரம்; அதிலும் தலைக்கு உதை வேண்டாம். இதற்கு இணங்காத ஆசிரியரிடம் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் சற்று யோசிக்க வேண்டும்.

தலையில் அடிபட்டபின் வாந்தி, தலைவலி, மறதி, கண் மங்கல், தள்ளாட்டம் இவற்றில் எது கண்டாலும் உடனே சண்டையை நிறுத்திவிட வேண்டும். வைத்தியர் உத்தரவு கொடுக்கும்வரை மறுபடி இறங்கலாகாது. முதல் அடி ஆறுமுன் இரண்டாவது விழுந்து, மூளை வீங்கி உயிரிழந்த இளம்பிள்ளைகள் உண்டு. "எனக்கு ஒன்றுமில்லை, ஸார்" என்று பையன் சொல்வதை இவ்விஷயத்தில் சாட்சியமாக ஏற்க முடியாது.