கட்டிட தகராறுக்கும் வக்கீல் வேணும்: என்ன படிக்கலாம்?

மதுரை,

நகையை அடகு வச்சு, லோன் போட்டு பிளாட்டுக்கு பணம் கட்டுறோம். சொன்ன தேதியில் பில்டர் சாவி தரவில்லை என்றால்? 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, வட்டியோடு பணத்தை திருப்பிக் கேட்கலாம். சாவி வாங்கிய 5 வருஷத்துக்குள் கட்டுமானத்தில் கோளாறு தெரிந்தால், பில்டரே இலவசமாக சரிசெய்து தரணும்.

இதுமாதிரி வழக்கு நடத்த, சட்டத்தோடு சிமெண்டு, கம்பி கணக்கும் புரிந்த வக்கீல் வேணும். இதற்கென தனி எல்.எல்.பி. தேடி அலைய வேண்டாம். பிளஸ்-2 முடித்தவர்கள் 5 ஆண்டு சட்டப்படிப்பில் சேரலாம். பி.இ. சிவிலோ வேறு டிகிரியோ முடித்திருந்தால் 3 ஆண்டு போதும். மதுரை, திருச்சி, கோவை, நெல்லை அரசு சட்டக்கல்லூரிகளில் மார்க்கை வைத்துத்தான் இடம். நுழைவுத்தேர்வு கிடையாது.

படித்து முடித்ததும் பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வில் பாஸ் ஆகணும். காண்டிராக்ட், ஆர்பிட்ரேசன் வழக்கு பார்க்கும் சீனியரிடம் ஜூனியராக சேர்ந்தால் தொழில் பிடிபடும்.

கொத்தனார், சித்தாள் வீட்டுப் பிள்ளைகளே! அப்பாவோ அம்மாவோ கட்டுமான தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் கல்வி உதவித்தொகை உண்டு. கார்டை புதுப்பிக்க மறந்துடாதீங்க.