5,000 ரூபாய் ஸ்பீக்கருக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

விலை குறைந்த ஸ்பீக்கர் செட் ஒன்றை வாங்கிக் கொஞ்ச காலம் பாட்டுக் கேட்டவருக்கு, இன்னும் நன்றாகக் கேட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. ஆசைக்குப் பின்னாலேயே கணக்கும் வந்துவிடும். 5,000 ரூபாய் செட்டுக்கு 2,000 ரூபாய் போடலாமா, அதற்கு மேல் போட்டால் வீணா? பெரும்பாலானோர் செட்டின் விலையை வைத்தே இதைத் தீர்மானிக்கிறார்கள். குறை எங்கே என்று பார்க்காமல் போடும் கணக்கு அது. ஒலி எந்த இடத்தில் அதிகமாகக் கெடுகிறதோ, முதல் ரூபாய் அங்கேதான் போக வேண்டும். அந்தக் குறை தீர்ந்துவிட்டால் மிச்சப் பணத்தைச் செலவழிக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

பாட்டு காதுக்கு வந்து சேரும் வழியைப் பாருங்கள். செல்போனில் உள்ள சிறு சில்லு எண்களை மின் அலையாக மாற்றுகிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்குகிறது. ஸ்பீக்கர் காற்றை அசைக்கிறது. கடைசியாக அறை தன் பங்கைச் சேர்க்கிறது. முதல் இரண்டும் இன்று ஏறத்தாழத் தீர்ந்துபோன பிரச்சினைகள். 1982-இல் சந்தைக்கு வந்த சிடியின் தரத்தை, அதைவிட நுட்பமான பதிவுகளோடு ஒப்பிட்ட சோதனை ஒன்றை அமெரிக்காவின் பிராட் மேயரும் டேவிட் மோரனும் 2007-இல் வெளியிட்டார்கள். எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டவர்கள் 554 முறை முயன்று 276 முறை சரியாகச் சொன்னார்கள். நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். ஒலிப்பதிவைத் தொழிலாகக் கொண்டவர்களும் கேட்டவர்களில் இருந்தார்கள். ஆம்ப்ளிஃபயரும் அப்படித்தான்: பழுதில்லாத ஒன்று தன் சக்திக்குள் இயங்கும்வரை அது சேர்க்கும் சிதைவைக் காது பிரித்தறிவது மிகக் கடினம். சிறிய ஸ்பீக்கரோ தாழ்ந்த சுரங்களைச் சத்தமாக ஒலிக்கும்போது பல சதவீதம் சிதைக்கும். சில சுரங்களைத் தூக்கியும் சிலவற்றை விழுங்கியும் அனுப்பும்.

நம் ஊர் வீடுகளில் அறையின் பங்கு இன்னும் பெரிது. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம், சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை. இதைவிடப் பொல்லாத இடத்தை ஒலிக்குக் கொடுப்பது கடினம். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் பயணிக்கிறது. பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரு சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸில் அலை மாட்டிக்கொண்டு நின்றுவிடும். நீளமும் அகலமும் உயரமும் ஒன்றே என்றால் மூன்று திசையிலும் அதே எண் குவிகிறது. பேஸ் கிதாரில் ஏ தந்தியைச் சும்மா மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அறையின் மூலையில் குமுறும், நடுவில் உட்கார்ந்தால் மெலிந்துபோகும். எந்த ஆம்ப்ளிஃபயரும் இதைச் சரிசெய்யாது. ஷோகேஸுக்குள் திணித்த ஸ்பீக்கரை வெளியே எடுத்து, மூலையிலிருந்து விலக்கி, மேல் சுரங்களை ஒலிக்கும் ட்வீட்டர் காது உயரத்துக்கு வரும்படி வைத்து, நாற்காலியையும் ஓரிரு அடி நகர்த்திப் பார்க்கலாம். செலவு ஒன்றுமில்லை. கைதட்டினால் கணகணவென்று அதிரும் அறையில் மெத்தையும் கனமான திரையும் புத்தக அலமாரியும் உதவும். ஆனால் இவை பேஸைத் தொடாது. அதற்கு இடமாற்றம்தான் வழி.

வாட்டைக் கூட்டினால் ஆகாதா என்பார்கள். 40 வாட்டை 80 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல், கவனித்தால் தெரிகிற அளவு. இரண்டு மடங்கு சத்தம் என்று காது உணர வேண்டுமானால் ஏறத்தாழ 10 மடங்கு சக்தி வேண்டும். அதைவிட, அதே ஒரு வாட்டுக்கு 84-க்குப் பதில் 90 டெசிபல் தரும் ஸ்பீக்கரை வாங்குவது சக்தியை நான்கு மடங்காக்கியதற்குச் சமம். கேபிளுக்கும் இப்படியே கணக்குப் பார்க்கலாம். பிளக் பாயின்ட்டுக்கு எலெக்ட்ரீஷியன் இழுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர், ஐந்து மீட்டர் போய்த் திரும்பினால் அதன் தடை சுமார் 0.07 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது ஒரு சதவீதம்கூட இல்லை.

"புது கேபிள் போட்டதும் எனக்கு வித்தியாசம் கேட்டதே" என்பவர் பொய் சொல்லவில்லை. கேட்பது காது மட்டும் அல்ல என்பதே விஷயம். ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்டு டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் ஒரே ஸ்பீக்கர்களை முதலில் மறைத்தும் பிறகு பார்க்கவிட்டும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். பார்த்ததும் மதிப்பெண்கள் மாறின. பெரிய, விலையுயர்ந்தவை ஏறின, சிறிய பிளாஸ்டிக் செட் இறங்கியது. இன்னொன்றும் தெரிந்தது: மறைத்திருந்தபோது ஸ்பீக்கரின் இடம் மாறியதை நன்றாகக் கவனித்தவர்கள், கண் திறந்ததும் அதை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. உண்மையான மாற்றம் இருந்த இடத்தை விலை மறைத்துவிட்டது. ஹெட்ஃபோன்களிலும் விலை நல்ல வழிகாட்டி இல்லை. 283 ஹெட்ஃபோன்களை அளந்து ஜெரோன் பிரீபார்ட் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், சுரங்களின் ஏற்ற இறக்கத்துக்கும் விலைக்கும் தொடர்பு தென்படவில்லை. காதுக்குள் சரியாகப் பொருந்தாத இயர்ஃபோனில் பேஸ் ஒழுகிவிடும். ஒரு ஜோடி ரப்பர் நுனி மாற்றினால் அது திரும்பி வரும்.

அப்படியானால் மலிவான செட்டுக்கு எதுவுமே செலவழிக்கக் கூடாதா? செட்டைப் பொறுத்தது. ஆம்ப்ளிஃபயரை சப்ஊஃபருக்குள்ளேயே அடைத்து விற்கும் 2.1 செட்டில் மாற்ற அதிகம் ஒன்றுமில்லை. இடத்தைச் சரிசெய்துவிட்டு, பணத்தை அடுத்த செட்டுக்குச் சேர்ப்பதே நல்லது. ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் தனித்தனி என்றால் கதை வேறு. நல்ல ஸ்பீக்கர் ஜோடிக்கு மொத்த செட்டின் விலையைப் போல இரு மடங்கு கொடுப்பதும் நியாயமே, ஏனென்றால் ஆம்ப்ளிஃபயர் போன பிறகும் அவை உங்களோடு இருக்கும். பழைய நல்ல ஸ்பீக்கரில் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் நொறுங்கியிருந்தால், அதை மாற்றுவதற்கு ஆகும் செலவுக்கு ஈடான பலன் புதுப்பெட்டியில் கிடைப்பது அரிது. எதை வாங்கினாலும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் வீட்டில் ஒருவரைப் பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, சத்தத்தை இரண்டிலும் ஒரே அளவில் வைத்து, திரும்பி உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லையா, பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.