மின் நிலைய மான்யம் யார் கைக்குச் சேர்கிறது?

வேளாங்கண்ணியிலிருந்து தெற்கே வேதாரணியம் வரையில் கடலோரமாகச் செல்வோர் ஒரு புறம் சம்பா விளையும் வயலையும், மறுபுறம் உவர் ஏறித் தரிசாய்க் கிடக்கும் நிலத்தையும் காண்பர். 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இக்கரையோர வயல்கள் பலவற்றில் உப்பு நீரை நிரப்பிச் சென்றதை நாம் மறப்பதற்கில்லை. நெல்லுக்கு உதவாத இத்தகைய நிலத்தில் சூரிய மின் நிலையம் அமைக்கலாகாதா, அதற்குச் சர்க்கார் மான்யம் உண்டாமே என்று அன்பர்கள் வினவுவது இயல்பே. வினா நல்ல வினாதான். ஆயினும் ‘மான்யம்’ என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பிச் சங்கத்தின் பங்குத் தொகையை முடக்குதல் தகாது. அம்மான்யம் எதற்காக, எப்பொழுது, யாருக்கு வழங்கப்படுகிறது என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.

மான்யம் இருவகை

ஒரு நெசவாளருக்குத் தறி வாங்கியதற்காகப் பரிசு தரலாம். அல்லது நெய்த துணிக்கு முழத்துக்கு இவ்வளவு என்று கூலியைக் கூட்டித் தரலாம். இரண்டும் உதவிதான். ஆனால் முன்னதைப் பெற்றவர் தறியைச் சும்மா வைத்திருந்தாலும் பரிசு கைக்கு வந்துவிடும். பின்னதைப் பெற விரும்புவோர் நெய்தே தீரவேண்டும்.

மின் உற்பத்தியிலும் நிலைமை இதுவே. நம் மாநிலத்தில் 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் மின்சார வாரியம் காற்றாலைகளை நிறுவியது. பின்னர் 1990களில், இயந்திரத்தின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கணக்கிட்டு வருமான வரியைக் குறைத்துக்கொள்ள மத்திய சர்க்கார் இடமளித்தது. நூற்பாலைகள் உள்ளிட்ட பல தொழில் நிறுவனங்கள் முப்பந்தல் முதலிய இடங்களில் காற்றாலைகளை எழுப்பின. அதனால் நன்மை விளைந்தது. ஆனால் வரிச் சலுகையையே குறியாகக் கொண்டு, காற்றின் வேகத்தையும் இயந்திரத்தின் தரத்தையும் ஆராயாது நிறுவப்பட்டவையும் உண்டு. இக்குறையை உணர்ந்தே, 2009ஆம் ஆண்டில் உற்பத்தியாகும் யூனிட் ஒன்றுக்கு 50 காசு என்னும் ஊக்கத்தொகை காற்றாலைகளுக்கு அறிவிக்கப்பட்டது. முன்னது தறிக்குக் கொடுத்த பரிசு. பின்னது துணிக்குக் கொடுத்த கூலி.

குசும் திட்டத்தின் கணக்கு

விவசாயிகளை முன்னிட்டு 2019இல் மத்திய சர்க்கார் தொடங்கிய பிரதம மந்திரி குசும் திட்டத்தின் முதற்பகுதி, நம் தரிசு நிலங்களுக்கு நெருங்கியது. 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையுள்ள சூரிய மின் நிலையங்களைத் தனி விவசாயியோ, விவசாயிகள் குழுவோ, கூட்டுறவுச் சங்கமோ, பஞ்சாயத்தோ அமைக்கலாம் என்று அதன் விதிகள் வகுக்கப்பட்டன. துணை மின் நிலையத்துக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலமே ஏற்றது. மின்சாரத்தை, முன்னரே நிர்ணயித்த விலையில், 25 ஆண்டு ஒப்பந்தத்தின்படி மின் விநியோக நிறுவனம் வாங்கிக்கொள்ளும்.

இதற்குரிய ஊக்கத்தொகை யூனிட்டுக்கு 40 காசு. மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 6.6 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாது. ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே. ஆக, ஒரு மெகாவாட்டுக்கு மிகுதியாகக் கிடைப்பது 33 இலட்சம் ரூபாய். ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். அத்தொகை நிலையத்தை அமைத்த விவசாயிக்கோ சங்கத்துக்கோ உரியதன்று. மின்சாரத்தை வாங்கும் விநியோக நிறுவனத்துக்கு உரியது. சங்கத்துக்குக் கிடைப்பது நிச்சயமான கொள்முதல் ஒன்றே. ஆகவே சங்கத்தின் இலாப நஷ்டம் மான்யத்தைப் பொறுத்ததன்று. யூனிட்டின் விலை என்ன, அது காலந்தவறாமல் கைக்கு வருமா என்ற இரண்டையுமே பொறுத்தது.

நம் உறுப்பினர் நிலைமை

இன்னொன்றையும் எண்ணுதல் வேண்டும். தமிழ்நாட்டில் பம்பு செட்டுகளுக்கு நெடுங்காலமாகவே மின்சாரம் இலவசம். 2023இல் இரு மாதங்களுக்குரிய இலவச மின்சாரம் கைத்தறிக்கு 300 யூனிட்டாகவும், விசைத்தறிக்கு 1,000 யூனிட்டாகவும் உயர்த்தப்பட்டது. கட்டணமில்லாத மின்சாரத்தை மிச்சப்படுத்தி உறுப்பினர் காணும் ஆதாயம் என்ன? கட்டணம் செலுத்துகின்ற கூட்டுறவு நூற்பாலை, அரிசி ஆலை, கிடங்கு ஆகியவற்றுக்கே சொந்த மின்சாரத்தால் பயன் மிகுதி.

இதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2005ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி, ஒரு நிலையம் ‘சொந்த உபயோக நிலையம்’ எனக் கருதப்பட, உபயோகிப்போர் அதில் குறைந்தது 26 சதவீத உரிமை பெற்றிருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தை அவர்களே உபயோகிக்கவும் வேண்டும். கூட்டுறவுச் சங்கமாயின் இவ்விரு நிபந்தனைகளையும் உறுப்பினர் அனைவரும் சேர்ந்து நிறைவேற்றினால் போதும். தனி ஒருவரால் ஆகாததைப் பலர் கூடிச் செய்வதற்கே இவ்விதி வழி திறந்துள்ளது.

குஜராத்தின் கேடா மாவட்டத்து டுண்டி கிராமத்தில் 2016இல் ஆறு விவசாயிகள் சூரிய மின்சாரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினர். பம்புக்குப் போக எஞ்சிய மின்சாரத்தை யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு வீதம் 25 ஆண்டுகளுக்கு விற்க உடன்படிக்கை செய்துகொண்டனர். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனை ஒட்டிய கடலில் 2000ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட 20 காற்றாலைகளில் பாதி, எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பங்குதாரர் கொண்ட கூட்டுறவுக்குச் சொந்தமாயிற்று. சிறிதோ பெரிதோ, முறை ஒன்றே.

கேட்க வேண்டிய கேள்விகள்

எனவே நிர்வாகக் குழுவினர் கையெழுத்திடுமுன் சிலவற்றைத் தீர விசாரித்தல் வேண்டும். மான்யம் யார் பெயரில் வருகிறது? அத்திட்டம் இன்று விண்ணப்பம் ஏற்கிறதா? மான்யம் நின்றுபோகும் ஆண்டிலும் வரவு செலவைத் தாங்குமா? கொள்முதல் விலை எழுத்தில் உள்ளதா? பணம் தாமதித்தால் வட்டி உண்டா? 2018 நவம்பர் 16 அன்று இக்கடற்கரையைத் தாக்கிய கஜா புயல் போன்றதொன்று மீண்டும் வீசினால் பலகைகளைத் தாங்கும் சட்டங்கள் நிற்குமா? இன்ஷூரன்ஸ் உண்டா?

நிலத்தைக் குறித்தும் ஒரு சொல். ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் தேவை. உயர்ந்த தூண்களின்மேல் பலகை அமைத்துக் கீழே பயிரிடவும் விதியில் இடமுண்டு. ஆனால் நெல் வெயிலை வேண்டும் பயிர். காவிரி நீர் பாயும் நன்செய்யை இதற்கு ஒருபோதும் விடலாகாது. உவர்த் தரிசை விடுவதில் பிழையில்லை. பிறருக்குக் குத்தகைக்கு விடுவோரும், 25 ஆண்டு என்பது ஒரு தலைமுறை என்பதை மனத்திற் கொள்க.

மான்யம் மழை போன்றது, பெய்தால் மகிழ்வோம். ஆனால் மழையை மட்டும் எண்ணி நாற்றங்கால் விடும் குடியானவர் இல்லை. வாய்க்காலில் வரும் நீரின் அளவை அறிந்தே அவர் விதைக்கிறார். நம் சங்கமும் அவ்வாறே கணக்கை முதலில் பார்த்து, மான்யத்தைப் பின்னர் பார்க்குமாக.