படகு இயந்திரத்தில் சொட்டாத ஒழுக்கு

தோட்டம் செய்து வாழ்ந்த குடும்பங்கள் பல, இடப்பெயர்வின் பின்னர் கடல்நீரேரிக் கரைகளில் குடியமர்ந்து, வருமானத்தில் ஒரு பங்கை மீனிலும் நண்டிலும் இறாலிலும் தேடிக்கொண்டன. சில இடங்களில் படகு இல்லாவிட்டால் சொந்தக் காணிக்கே போக முடியாது. 1992இல் இரணைதீவை விட்டு வெளியேறிய மக்கள் 2018 சித்திரையில் படகுகளில்தான் தங்கள் தீவுக்குத் திரும்பினார்கள். கிணறும் தென்னையும் ஒரு பக்கம், சந்தையும் ஆஸ்பத்திரியும் மறுபக்கம், நடுவில் கடல்.

இப்படியான குடும்பங்களின் கையில் இருப்பது பெரும்பாலும் மூன்று நான்கு கை மாறி வந்த பழைய மண்ணெண்ணெய் இயந்திரம். கரையில் நன்றாக ஸ்ராட் எடுக்கும். கொஞ்சத் தூரம் போனதும் இழுத்து இழுத்து ஓடும், பிறகு நின்றுவிடும். உடனே எல்லோரும் சொல்வது, “காபரேற்றர் பழுது.” அதைக் கழற்றுவார்கள், கழுவுவார்கள், உப்பில் இறுகிய ஸ்குறூ ஒன்றையும் முறிப்பார்கள். திரும்பப் பூட்டினால் பழைய வருத்தம் அப்படியே இருக்கும். காபரேற்றரைத் தொடுவதற்கு முன் அதற்கு எண்ணெய் கொண்டுவரும் வழியைப் பார்க்க வேண்டும் என்பதை விளக்கவே இதை எழுதுகிறோம்.

தோட்டத்தில் இறைப்பு மிசின் வைத்திருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மிசினில் எங்காவது எண்ணெய் சொட்டினால் அங்கே ஒழுக்கு. சொட்டாவிட்டால் ஒழுக்கு இல்லை. அங்கே இது சரி. ஏனென்றால் அந்த மிசினின் தாங்கி மேலே இருக்கிறது, எண்ணெய் தன் பாரத்தாலேயே கீழே இறங்குகிறது. படகில் நிலைமை வேறு. தாங்கி படகின் அடியில் கிடக்கிறது, இயந்திரம் உயரத்தில் நிற்கிறது. இயந்திரத்தில் உள்ள சிறிய பம் எண்ணெயை உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சும் குழாயில் வெடிப்பு இருந்தால் எண்ணெய் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஒரு துளியும் சொட்டாது. ஓலைக் குழலால் இளநீர் குடிக்கும் பிள்ளையைக் கேட்டால் தெரியும், குழலில் பொத்தல் இருந்தால் இளநீர் ஒழுகாது, வாய்க்குள் காற்றுத்தான் வரும்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இரண்டு ஸ்ரோக் இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு மசகெண்ணெய் எரிபொருளோடு கலந்தே போகிறது. எரிபொருள் குறைந்தால் மசகும் குறையும். காற்றுக் கலந்து பல நாள் ஓடிய இயந்திரத்தின் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். சில நூறு ரூபாவுக்கு மாற்றக்கூடிய குழாய்த் துண்டு முழு இயந்திரத்தையும் தின்றுவிடும்.

1990களின் முற்பகுதியில் ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டிப் பாதையும் மூடப்பட்ட பின்னர் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்தவர்களுக்கு இதன் பாரம் தெரியும். இருட்டில் பல படகுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றில் கட்டி முன்னால் ஓர் இயந்திரப் படகு இழுத்துச் செல்லும். அந்த ஓர் இயந்திரம் நின்றால் பின்னால் வந்த அத்தனை குடும்பங்களும் நடு நீரில்.

சோதனைக்கு வருவோம். தாங்கிக்கும் இயந்திரத்துக்கும் இடையில் கையால் அமுக்கும் றப்பர் உருண்டை ஒன்று உண்டு. அதில் உள்ள அம்புக்குறி இயந்திரத்தின் பக்கம் பார்க்க வேண்டும். அம்பு மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து அமுக்குங்கள். சில தடவைகளில் அது கல்லுப்போல இறுக வேண்டும். எவ்வளவு அமுக்கியும் இறுகாவிட்டால் உருண்டையின் வால்வு பழுதாக இருக்கலாம், தாங்கிப் பக்கத்தால் காற்று வரலாம், அல்லது காபரேற்றரின் ஊசி வால்வு மூடாமல் எண்ணெய் வழிந்து போகலாம். இறுகியதும் உருண்டையிலிருந்து இயந்திரம் வரையுள்ள ஒவ்வொரு பொருத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். ஓடும்போது காற்றை உறிஞ்சும் பொருத்துகள் இப்போது நனையும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது உருண்டை சப்பையானால் அடைப்பு தாங்கிப் பக்கம்: மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்திருப்பீர்கள், அல்லது உள்ளே வலை அடைத்திருக்கும். (பாதிப் பழுதுகள் இந்தத் திருகில்தான் முடிகின்றன.) உருண்டையை அமுக்கிக்கொண்டே இருந்தால்தான் இயந்திரம் ஓடுகிறது என்றால் காற்று நுழைகிறது, அல்லது இயந்திரத்திலுள்ள பம்மின் மெல்லிய தோல் கிழிந்திருக்கிறது.

தாங்கிக்கும் உருண்டைக்கும் இடைப்பட்ட துண்டு மட்டும் எப்போதும் உறிஞ்சப்படுகிற துண்டு. அங்கே நனைவு தெரியாது. உருண்டைக்குப் பின்னால், இயந்திரத்துக்குக் கிட்ட, ஒரு சாண் கண்ணாடிக் குழாயைத் தற்காலிகமாகப் பூட்டி, இயந்திரத்தைத் தண்ணீர்ப் பரலில் நிறுத்தி ஓட விடுங்கள். நீர்க்குமிழிகள்போல் காற்று தொடர்ந்து போனால் ஒவ்வொரு பொருத்தின் மேலும் கிறீஸை அப்பிக்கொண்டு வாருங்கள். எந்தப் பொருத்தில் அப்பியதும் குமிழி நிற்கிறதோ, அதுதான் கள்ளன். ஆஸ்பத்திரி சேலைன் குழாய் இந்தச் சோதனைக்கு உதவும். நிரந்தரமாகப் பூட்ட அது உதவாது, பெற்றோல் பட்டால் விறைத்து வெடிக்கும்.

திருத்தம் பெரும்பாலும் எளிது. குழாயின் நுனி விறைத்திருந்தால் அரை அங்குலம் வெட்டி எறிந்து, புதிய நுனியைச் சுடுநீரில் தோய்த்துப் பித்தளை முனையில் முழுமையாக ஏற்றுங்கள். கட்டுக்கம்பி போட்டு முறுக்க வேண்டாம், அது குழாயை அறுக்கும். துருப்பிடிக்காத கிளிப் போடுங்கள். செருகும் பொருத்துக்குள் இருக்கும் சிறிய றப்பர் வளையம் தேய்ந்திருந்தால் எரிபொருளுக்கென்று செய்த வளையத்தையே போட வேண்டும். நம்மவர்கள் எல்லாவற்றுக்கும் சைக்கிள் ரியூப்பை வெட்டுவார்கள். இயற்கை றப்பர் பெற்றோலிலும் மண்ணெண்ணெயிலும் ஊதிக் கூழாகும், அந்தக் கூழ் போய் ஜெற்றை அடைக்கும். பொருத்துகளில் சுற்றும் வெள்ளை ரேப்பும் அப்படித்தான், அதன் நார் ஊசி வால்வில் போய் உட்காரும்.

பம்மிலிருந்து காபரேற்றருக்குப் போகும் பகுதி வேறு இனம். இங்கே எண்ணெய் தள்ளப்படுகிறது, ஆகவே சொட்டும்; அதுவும் சூடான இயந்திரத்தின்மேல் சொட்டும். பழைய காபரேற்றர்களில் எண்ணெய் நுழையும் பித்தளை முனை, அலுமினிய உடலுக்குள் இறுக்கி அடிக்கப்பட்டிருக்கும். குறடு கொண்டு குழாயை முறுக்கி இழுத்தால் முனை ஆடத் தொடங்கும். ஆகவே குழாயை இழுக்காமல் நீளவாக்கில் கீறிக் கழற்றுங்கள். ஆடும் முனையைக் கழற்றிச் சுத்தமாக்கி, எண்ணெய்ப் பசை போக உலர்த்தி, பெற்றோலைத் தாங்கும் உலோகத்தூள் பசை பூசித் திரும்ப இறுக்கலாம். ஒரு நாள் காய விடவேண்டும். சாதாரணப் பசை இளகிவிடும். முனை முறிந்திருந்தால் கடைச்சல் பட்டறையில் துளையிட்டு மரை வெட்டிப் புதிய முனை பூட்டுவதே நல்லது. அதற்குமுன் காபரேற்றரின் உள்ளுறுப்புகளைக் கழற்றி எடுங்கள், உலோகத் தூள் உள்ளே போகக்கூடாது.

கழற்றிய கையோடு ஊசி வால்வையும் பாருங்கள். நுனியில் வளையம்போலத் தேய்வு இருந்தால் மாற்றவேண்டும். காபரேற்றரைத் தலைகீழாகப் பிடித்துச் சுத்தமான குழாயால் மெல்ல ஊதினால் காற்றுப் போகக்கூடாது, நிமிர்த்தினால் போகவேண்டும். ஜெற்றைக் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெருக்கும். தங்கூசித் துண்டும் சைக்கிள் பம்மும் போதும்.

இந்த வேலையைக் குசினியிலோ விளக்கருகிலோ செய்ய வேண்டாம். கழுவிய எண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவும் வேண்டாம். பிள்ளை அதைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வாந்தியோடு மண்ணெண்ணெய் நுரையீரலுக்குப் போவதே பெரிய ஆபத்து. குழாயை வாயால் உறிஞ்சும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.

மண்ணெண்ணெய் இயந்திரத்துக்குப் பெற்றோலில் ஸ்ராட் கொடுத்து, சூடேறிய பின் திருகு மாற்றுவோம். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தார் மோட்டார் சைக்கிளுக்கும் இதையே செய்தார்கள். கரைக்கு வருமுன் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றினால் அடுத்த நாள் இலகுவாக ஸ்ராட் எடுக்கும். அந்தத் திருகும் தேய்ந்தால் காற்றை விடும், அதையும் கிறீஸ் பூசிச் சோதியுங்கள். 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியதை மறந்தவர் இல்லை. ஒழுக விடும் காலம் போய்விட்டது.

வெள்ளவத்தையிலோ களுபோவிலயிலோ இருக்கும் உறவினரிடம் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் வாங்கச் சொல்வது வழக்கம். “காபரேற்றர் சாமான் ஒரு செற்” என்று மட்டும் சொல்லி அனுப்பினால் பொருந்தாத சாமான்தான் வரும். இயந்திரத்தைப் படகில் பூட்டும் பிடியில் உள்ள தகட்டின் எழுத்துகளையும் இலக்கங்களையும் அப்படியே எழுதி, தேய்ந்த பழைய துண்டையும் சேர்த்து அனுப்புங்கள். அது வந்து சேரும்வரை திறந்திருக்கும் குழாய் வாய்களைத் துணியால் கட்டி வையுங்கள். குளவி ஒரு நாளிலேயே மண் அடைத்துவிடும்.