வெகுளியும் யானும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்திலே மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் உண்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டு. ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்கள். இவற்றை நெட்டுருப் பண்ணியும் பண்ணுவித்தும் முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டேன். என் வகுப்பிலே எந்த மாணாக்கனை எழுப்பி வினவினாலும், வெகுளிக்கு நிலைக்களன் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்று தடையின்றி ஒப்புவிப்பான். ஒப்புவியாதவன்மீது யான் வெகுள்வேன்.

இக்கடைசி வாக்கியத்திலே உள்ள வேடிக்கை எனக்குப் புலப்படுவதற்கு ஐம்பத்து நான்கு வயது செல்லவேண்டியிருந்தது.

அதற்குக் காரணமாயினவர் ஒரு வைத்தியர். தலைச்சுற்று என்று கிளினிக்குக்குச் சென்றிருந்தேன். அவர் என் கையிலே பட்டியைச் சுற்றி இரத்த அழுத்தத்தை மூன்று முறை பார்த்தார். மூன்றாம் முறையும் அவர் முகம் தெளியவில்லை. "ஐயாவுக்குக் கோபம் வருமோ?" என்று கேட்டார். "அப்படிப் பெரிதாக ஒன்றும் இல்லை" என்றேன். பக்கத்திலே இருந்த என் மனைவி சுவரிலே தொங்கிய கலண்டரைப் பார்த்தாள். வைத்தியர் அவளைப் பார்த்தார். பின்பு குனிந்து ஏதோ எழுதினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலே கேட்டேன்: "நீர் ஏன் ஒன்றும் பேசாமல் இருந்தனீர்?"

"நான் என்னத்தைச் சொல்ல?" என்றாள்.

அவ்வளவுதான். என் காதுகள் இரண்டும் எரிந்தன. கழுத்து இறுகியது. கோபம் இல்லாதவன் என்று யான் சொன்னபோது, ஆமென்று சாட்சி சொல்லாதவள்மீது கோபம்! அந்த எரிச்சலின் நடுவிலே, மெய்ப்பாடு என்ற சொல் எங்கிருந்தோ வந்து மனசிலே விழுந்தது. மெய்யிலே படுவது மெய்ப்பாடு. காதிலே பட்டது, கழுத்திலே பட்டது. முப்பது ஆண்டுகளாக யான் படிப்பித்த பொருள் என் உடம்பின்மேலேயே எழுதப்பட்டிருந்தது. அன்றுதான் முதன்முறையாக அதை வாசித்தேன்.

அன்றிரவு, கணேசையர் அவர்கள் திருத்தமும் குறிப்பும் எழுதி, சுன்னாகத்திலிருந்து 1943ஆம் ஆண்டு வெளிவந்த பதிப்பை எடுத்து, பேராசிரியர் உரையை மறுபடியும் படித்தேன். ஒரு சுவை பிறக்குமிடத்து நான்கு படிகளை உரையாசிரியர்கள் பிரித்துக் காட்டுவர். சுவைக்கப்படும் பொருள் ஒன்று. அதனைப் பொறி உணரும் உணர்வு இரண்டாவது. அவ்வுணர்வினாலே உள்ளத்தில் நிகழும் குறிப்பு மூன்றாவது. உள்ள நிகழ்ச்சி உடம்பின்வழிப் புறப்படுதல் நான்காவது. அதற்கு விறல் என்றும் சத்துவம் என்றும் பெயர். நடுங்குதலும் வியர்த்தலும் மயிர் சிலிர்த்தலும் விறலைச் சேர்ந்தவை.

இந்நான்கையும் கரும்பலகையிலே மேலிருந்து கீழாக எழுதிக் காட்டுவது என் வழக்கம். கீழிருந்து மேலே ஏறிப் பார்க்கலாம் என்ற எண்ணம் எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. வெகுளி வருகின்ற வேகத்திலே பொருளையும் உணர்வையும் பிரித்தறிய எவனால் இயலும்? ஆனால், காது சுடுவது தெரியும். அந்த நுனியைப் பிடித்துக்கொண்டால் மேலே ஏறலாம். காது ஏன் சுட்டது? உள்ளம் எதனைக் குறித்தது? அதற்குமுன் கண்டதும் கேட்டதும் என்ன?

ஒரு கொப்பி வாங்கினேன். வெகுண்ட நேரம், யார்மீது, உடம்பிலே கண்டது, அன்று உண்டது, முதல்நாள் உறங்கியது ஆகியவற்றை அன்றன்று எழுதிவந்தேன். ஒரு மண்டலம் எழுதுவதென்பது சங்கற்பம். மனைவிக்குத் தெரியாமல் தொல்காப்பியத்தின் பின்னே ஒளித்து வைத்தேன். அவள் மூன்றாம் நாளே கண்டுவிட்டாள் என்பது பின்னால் தெரிந்தது.

நாற்பது நாள் முடிவிலே கொப்பியை ஒரேயடியாக வாசித்தேன். அதைப் போல நாணம் தரும் நூல் ஒன்றை யான் அதற்குமுன் வாசித்ததில்லை.

முதலாவது, 'யார்மீது' என்ற நிரல். மனைவி, மாணாக்கர், சில்லறை தரப் பிந்திய பஸ் நடத்துநர்ப் பையன், கடையிலே பொதி கட்டும் சிறுவன், மறுபடியும் மாணாக்கர். அந்நிரல் முழுவதிலும் என்னைத் திருப்பி வெகுளக்கூடிய ஒருவர் பெயரேனும் இல்லை. வெகுள்வதற்குக் காரணம் இல்லாமற் போகவில்லை. எனக்கு வரவேண்டிய சம்பள ஏற்றம் ஒரு காரியாலயத்திலே ஈராண்டு கிடந்தது. அதற்காக யான் யாரையும் வெகுண்டிலேன். 'தங்கள் கீழ்ப்படிவுள்ள' என்று முடித்து ஐந்து விண்ணப்பம் எழுதினேன். காதும் சுடவில்லை.

திருக்குறளிலே முப்பத்தோராம் அதிகாரம் வெகுளாமை. தன் சினம் பலிக்கக்கூடிய இடத்திலே அதனைக் காப்பவனே சினங்காப்பவன் என்றும், பலியாத இடத்திலே காத்தால் என்ன, காவாவிட்டால் என்ன என்றும் வள்ளுவர் அவ்வதிகாரத்தைத் தொடங்குகின்றார். செல்லிடம், அல்லிடம் என்று அவர் பிரித்த பிரிவு, இலக்கண நயத்துக்காக மாணாக்கர்க்குச் சொல்லி யான் மகிழ்ந்த பிரிவு. என் கொப்பியோ முழுவதும் செல்லிடம். காரியாலயத்திலே காட்டிய பொறுமையைப் பொறுமை என்று எண்ணி இத்தனை காலமும் பெருமைப்பட்டிருந்தேன். அது வழியில்லாமை, வேறொன்றுமன்று.

இவ்வதிகாரம் துறவறவியலிலே வைக்கப்பட்டிருப்பதும் எனக்கு முன்பு ஒரு பெரிய ஆறுதல். இல்லறத்தானுக்குப் பொறையுடைமை போதும், வெகுளாமை முனிவர்க்கு என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். இப்போது வேறு விதமாகத் தோன்றுகின்றது. பிறன் செய்த மிகையைப் பொறுத்தல் பொறை. அதற்குப் பிறனொருவன் பிழை செய்திருக்க வேண்டும். என் கொப்பியிலே பிழை செய்தவர்கள் மிகச் சிலர். சீப்பு இருந்த இடத்திலே இல்லை, தேநீர் ஆறிவிட்டது, ஒருவன் வகுப்பிலே கொட்டாவி விட்டான். இவற்றிலே பொறுப்பதற்கு என்ன இருக்கின்றது? இத்தகைய வெகுளிக்குப் பொறை மருந்தாகாது. அது எழுகின்ற இடத்துக்கே போய்ப் பார்க்கவேண்டும். இது யான் கொண்ட கருத்து, பரிமேலழகர்மேல் ஏற்றவேண்டா.

இரண்டாவது நிரல் இன்னும் கேவலமானது. காலையிலே உண்ணாது, வெறுந்தேநீரோடு பாடசாலைக்கு ஓடிய நாள்களிலே நண்பகலுக்கு முந்திய பாடவேளை தவறாது கொப்பியிலே இடம்பெற்றிருந்தது. விடைத்தாள் திருத்துவதற்காக நள்ளிரவு கடந்து விழித்திருந்த நாள்களும் அப்படியே. எல்லாவற்றிலும் மேலாக வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை யான் விரதம்! திருநீற்றை மும்முறை குழைத்து இட்டு, பகல் முழுதும் பட்டினி கிடந்து, மாலையிலே பூசையறையிலிருந்து, "பூ எங்கே?" என்று அயல்வீடு கேட்கக் கூவியவன் யான். மனைவி பூத்தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமற் போனாள். ஐந்தெழுத்தை ஓதிய அதே நாக்கு.

மருந்து என்ற அதிகாரத்திலே, முன்பு உண்டது அற்றபின் அளவறிந்து உண்க என்று வள்ளுவர் மிகச் சாதாரணமான ஒரு காரியத்தைச் சொல்கின்றார். ஆன்ம ஈடேற்றத்தைப் பற்றிப் பேசுகின்ற நூலிலே சோற்றுக்கணக்கு எதற்கு என்று இளமையிலே எண்ணியதுண்டு. நாலு இடியப்பமும் சம்பலும் உண்டு போகின்ற காலையிலே என் மாணாக்கர்க்கு அறிவு கூடியிருப்பதைக் கண்டபின் அவ்வெண்ணம் போயிற்று. விரதத்தை விடவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையிலே இலக்கணம் எடுப்பதை விட்டுவிட்டேன். அவ்வேளையிலே யாராவது ஒருவர் கம்பராமாயணத்தை இசையோடு படிக்க, யான் சாய்ந்திருந்து கேட்பேன். இரவிலே பத்து மணிக்கு விளக்கு அணைந்துவிடும். திருத்தாத தாள்கள் திருத்தாதபடியே கிடக்கும்.

சீப்பும் தேநீரும் சரி. ஆயினும், கொப்பியை வாசித்து முடித்த இரவிலே என்னை உறங்கவிடாதது அதிலே எழுதப்படாத ஒரு வெகுளி. அது நிகழ்ந்தது 1993ஆம் ஆண்டிலே.

யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லாத காலம். பஞ்சுத்திரி இட்ட ஜாம்போத்தல் விளக்கிலே, மண்ணெண்ணெயைத் துளி துளியாகச் செலவிட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். காகிதம் கிடையாமல் நாளிதழே கோடிட்ட கொப்பித் தாளிலே அச்சாகி வந்தது. யான் பண்டிதர் பட்டம் பெற்றுப் புதிதாகப் படிப்பிக்கத் தொடங்கியவன், இருபத்தைந்து வயது, தலை நிறைய நூற்பாக்கள். பாலபண்டித வகுப்பிலே பதினேழு பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். கொப்பியிலே ஒரு கோட்டுக்கும் மறுகோட்டுக்கும் இடையே இரண்டு வரி எழுதுவான். ஓரத்திலும் எழுதுவான். அட்டையின் உட்புறத்திலும் எழுதுவான்.

மெய்ப்பாட்டியல் நடந்துகொண்டிருந்தது. வெகுளியின் நான்கு நிலைக்களன்களையும் சொல்லி முடித்தேன். அவன் எழுந்து, "ஐயா, கொலை வெகுளிக்கு நிலைக்களன் என்றால், கொல்லப்பட்டவன் எப்படி வெகுள்வான்?" என்று கேட்டான்.

வகுப்பிலே சிலர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை, மெய்யாகவே கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. நூற்பா தெரியும், உரையை அவ்விடத்திலே ஆழ்ந்து படித்திருக்கவில்லை. தெரியாது, நாளைக்குப் பார்த்துச் சொல்கின்றேன் என்று சொல்லியிருக்கலாம். அவன் மேசையை நோக்கி நடந்தேன். கொப்பியை எடுத்தேன். "இது எழுத்தா, எறும்பா? முதலிலே மனிசர் வாசிக்கக்கூடியதாக எழுதப் பழகு, பிறகு தொல்காப்பியரைக் குறுக்குக் கேள்வி கேட்கலாம்" என்று சொல்லி, அதை யன்னலுக்கு வெளியே எறிந்தேன். மாரிகாலம். முற்றத்திலே வெள்ளம் நின்றது.

அவன் வெளியே போய் எடுத்துவந்து, சாரத்தின் தலைப்பினாலே ஒவ்வொரு தாளாக ஒற்றினான். மை கரைந்திருந்தது. வகுப்பு முடியும்வரை ஒற்றிக்கொண்டே இருந்தான். அதற்குப் பின்பும் வகுப்புக்கு வந்தான். கேள்வி மட்டும் கேட்கவில்லை.

அவன் கேட்டதற்கு விடை உரையிலேயே இருக்கின்றது. கொலை என்பதற்கு ஒருவனுடைய அறிவு, புகழ் முதலியவற்றைக் கொன்றுபேசுதல் என்று பேராசிரியர் பொருள் காண்கின்றார். உயிரோடு இருப்பவனே கொல்லப்படுகின்றான், ஆதலால் வெகுள்கின்றான். எவ்வளவு நுட்பமான பையன்! உரையாசிரியர் எந்த இடத்திலே இடர்ப்பட்டு நின்று வழி கண்டாரோ, அந்த இடத்திலே வந்து நின்றிருக்கின்றான்.

அன்று என் காது சுட்டிருக்கும். விறலிலிருந்து மேலே ஏறிப் பார்த்தால் குறிப்பு தெரிகின்றது: என் அறிவு நாற்பது கண்களின் முன்னே கொல்லப்பட்டது என்று என் உள்ளம் கொண்டது. அவன் கொல்லவில்லை, கேட்டான். கொன்றவன் யான். பேராசிரியர் சொன்ன பொருளிலேயே கொன்றேன்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஒரே இரவிலே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. அந்த வகுப்பும் அதனோடு சிதறிற்று. பின்பு மீண்டு வந்தவர்களுள் அவன் இல்லை. எங்கேனும் இருந்து இப்பத்தி கண்ணிற்பட்டால், அவனுடைய வினாவுக்கு விடை மேலே எழுதப்பட்டிருக்கின்றது. முப்பது ஆண்டு பிந்திவிட்டது.

இப்போது என் நிலைமை என்ன என்று கேட்பீர்களாயின், வெகுளி போய்விடவில்லை. காது சுடுகின்றது. சுட்டவுடன், வாய் திறக்குமுன், ஐந்தெழுத்தை மூச்சோடு மூச்சாக உள்ளே ஐந்து முறை எண்ணுகின்றேன். முத்தி வேண்டி அன்று, காது ஆறுவதற்கு. ஐந்தெழுத்தை இவ்வாறு பயன்படுத்துவது தகுமோ என்று ஒரு சைவப் பெரியாரிடம் கேட்டேன். "முத்திக்குப் போகிற வழியிலேதானே உம்முடைய காதும் இருக்கிறது" என்றார். மாலையிலே பிள்ளையார் கோயில் வீதியிலே அரைமணி நேரம் சும்மா இருப்பேன். தோத்திரமும் பாடுவதில்லை. அன்று எழுந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். சில நாளிலே பார்ப்பதற்கு ஒன்றும் இராது. பல நாளிலே இருக்கும். இரத்த அழுத்தத்துக்கு வைத்தியர் தந்த குளிசையையும் தவறாமல் எடுக்கின்றேன். எண்ணுவதனால் குளிசை வேண்டாம் என்று எவரும் கொள்ளற்க.

சென்ற தவணையிலே மெய்ப்பாட்டியல் மறுபடியும் வந்தது. இம்முறை நெட்டுருவுக்குமுன் ஒரு பயிற்சி கொடுத்தேன். எட்டிலே ஏதேனும் ஒன்றைத் தம் வாழ்விலிருந்து எடுத்து, பொருள், உணர்வு, குறிப்பு, விறல் நான்கும் தோன்ற எழுதி வரும்படி சொன்னேன். பலர் பரீட்சையை எழுதினார்கள். ஒருவன் நாயை எழுதினான். வகுப்பிலே அதிகம் பேசாத மாணாக்கி ஒருத்தி அச்சத்தை எடுத்திருந்தாள். அச்சத்துக்கு நிலைக்களன் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு. அவள் இறை என்பதன் கீழே ஆசிரியரை வைத்து இவ்வாறு எழுதியிருந்தாள்: ஐயா பேச்சை நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டித் தலைப்பினாலே மெதுவாகத் துடைப்பார். அது பொருள். கண்டவுடன் வகுப்பு முழுவதும் அமைதியாகும். இனி யாரோ ஒருவர் எழுப்பப்படுவார் என்று உள்ளம் குறிக்கும். உள்ளங்கை வியர்க்கும், பேனை வழுக்கும்.

கண்ணாடி துடைப்பதை என் கொப்பியிலே யான் எங்கும் எழுதவில்லை. எனக்கே தெரியாத மெய்ப்பாடு அது. வகுப்பு முழுவதற்கும் தெரிந்திருக்கின்றது.

நான்கு படிகளும் பிழையின்றி இருந்தன. முழுப் புள்ளியும் இட்டுக் கொடுத்தேன்.